சிகிச்சைக்கு வந்த அந்நியருக்கு வீட்டைத் திறப்பது: வேலூர்க் குடும்பங்களுக்குச் சில நடைமுறைகள்

வேலூரில் வாழும் கிறிஸ்தவக் குடும்பம் "அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்" என்று எபிரெயர் 13:2-இல் வாசித்துவிட்டு, அந்த அந்நியரைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஹௌராவிலிருந்தும் குவஹாட்டியிலிருந்தும் வரும் வண்டிகளில் அவர்கள் தினமும் காட்பாடி சந்திப்பில் இறங்குகிறார்கள். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், பீகார், அசாம், மிசோரம், நாகாலாந்து என்று பல மாநிலத்தார். எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தாரும் உண்டு. கையில் பழைய ரிப்போர்ட் கட்டு, தோளில் அரிசி மூட்டை, கூடவே நடக்க முடியாத ஒருவர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதாவது நம் ஊர் வழக்கில் சி.எம்.சி., அவர்களுடைய கடைசி நம்பிக்கை.

அந்த மருத்துவமனை பிறந்ததே கதவு தட்டப்பட்டதால்தான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து பிரசவ வேதனையில் இருந்த பெண்களுக்கு உதவி கேட்டார்கள். வீட்டில் இருந்த இளம்பெண் ஐடா ஸ்கட்டருக்கு மருத்துவம் தெரியாது. அவருடைய தகப்பனார் மருத்துவர்தான், ஆனால் ஆண் மருத்துவரை அந்த வீட்டார் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கினார். இன்றுவரை அந்த நிறுவனத்தின் குறிக்கோள் வாசகம் மாற்கு 10:45: "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்". மருத்துவமனை செய்வதை மருத்துவமனை செய்கிறது. மதிலுக்கு வெளியே அந்தக் குடும்பம் எங்கே படுக்கிறது, எதைச் சாப்பிடுகிறது என்பது நம் சபைக் குடும்பங்களின் பொறுப்பு.

சபைகளில் இதற்கு மனம் குறைவில்லை. குறைவது கேட்டுச் செய்கிற பழக்கம். நம் வீட்டு உபசரிப்பு, வந்தவர் வேண்டாம் என்றால் இன்னொரு கரண்டி போடுகிற உபசரிப்பு. நலமாக இருக்கிற உறவினருக்கு அது அன்பு. சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு அந்த இன்னொரு கரண்டி உயிராபத்தாகலாம். எரிகோவின் அருகே பார்வையற்றவன் கூப்பிட்டபோது, அவனுக்கு என்ன வேண்டும் என்பது கூடியிருந்த எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஆண்டவர் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்" என்று கேட்டார் (லூக்கா 18:41). இந்தக் கட்டுரையில் வரும் எல்லா நடைமுறைகளும் அந்தக் கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் நாள் கேட்க வேண்டியவை

"என்ன நோய்?" என்று கேட்கக் கூடாது. புற்றுநோய், எச்.ஐ.வி., மனநலச் சிகிச்சை, குழந்தையின்மை என்று வெளியே சொல்ல விரும்பாத காரணங்களுக்காக வந்தவர்கள் பலர். சில வீடுகளில் நோயாளிக்கே நோயின் பெயர் தெரியாது. மகன் மறைத்து வைத்திருப்பான். நமக்கு உண்மையில் வேண்டிய தகவல் வேறு. அதை மட்டும் கேட்டால் போதும்:

- சாப்பாட்டில் எதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்? தண்ணீருக்கு அளவு உண்டா?
- மாடி ஏற முடியுமா? இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார்? மேற்கத்திய கழிப்பறை வேண்டுமா?
- நோயாளிக்குக் கிருமி தொற்றாமல் தனியாக இருக்கச் சொல்லியிருக்கிறார்களா? நோயாளியிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றாமல் இருக்க ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?
- எந்த வளாகத்தில் சிகிச்சை? எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊருக்குள் இருக்கும் பழைய வளாகமும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் ராணிப்பேட்டை வளாகமும் வேறு வேறு. ராணிப்பேட்டையில் தினமும் சிகிச்சை இருக்கிறவரை வேலூர் சாயிநாதபுரத்தில் தங்கவைத்தால், நம் வீட்டு இலவச அறை ஆட்டோ வாடகையில் கரைந்துபோகும். அவருக்கு அங்கேயே ஒரு வாடகை அறை பார்த்துக் கொடுப்பதுதான் நல்ல உபசரிப்பு.

மொழி பெரிய தடையில்லை. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி மருந்துச் சீட்டு வரை உதவும். வங்காளத்தில் நான்கைந்து சொற்கள் தெரிந்தால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம்: பாத் என்றால் சோறு, மாச் மீன், ஜால் காரம், நூன் உப்பு, கொம் குறைவு. தண்ணீருக்கு மேற்கு வங்காளத்து இந்துக்கள் ஜோல் என்பார்கள். வங்கதேசத்து இஸ்லாமியர் பானி என்பார்கள்.

அறை

சூனேம் ஊரில் எலிசா தீர்க்கதரிசிக்காக ஒரு பெண் மாடியில் அறை கட்டியபோது வைத்தவை நான்கு: கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு (2 இராஜாக்கள் 4:10). இன்றைக்கும் அந்தப் பட்டியல் போதுமானது, காரணங்களும் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சை முடிந்தவரால் தரைப்பாயிலிருந்து எழ முடியாது, அதனால் கட்டில். கைப்பிடி உள்ள நாற்காலியாக இருக்கட்டும். கைப்பிடியை அழுத்தித்தான் எழுவார்கள். மேஜை மருந்துகளுக்கு. விளக்கு என்றால் இரவில் கழிப்பறை வரை வெளிச்சம் தரும் ஒரு சிறு பல்பு. தெரியாத வீட்டில் இருட்டில் விழுவது எளிது. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பியும் வையுங்கள். கம்பியைச் செங்கல்லில் நன்றாக இறங்கும் போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும்; டைல்ஸ் மேல் ஒட்டுகிற கம்பி ஆள் எடையில் பெயர்ந்து வந்துவிடும்.

இதற்கு மேல் இரண்டு சேர்க்கலாம். ஒன்று, உள்பக்கத் தாழ்ப்பாள். வந்தவர் நம்மை நம்பி வந்திருக்கிறார். ஆனாலும் அவர் மனைவி தாழிட்டுக்கொண்டு தூங்கட்டும். இரண்டு, கதவின் பின்னால் ஒட்டும் ஒரு தாள்: வீட்டு முகவரி தமிழிலும் ஆங்கிலத்திலும் (ஆட்டோக்காரரிடம் காட்ட), வீட்டார் இருவரின் கைப்பேசி எண், நோயாளியின் மருத்துவமனை எண், எந்த யூனிட், ஒவ்வாத மருந்து. நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடும்போது இந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனால் போதும்.

சுவரில் வேதவசனக் காலண்டர் இருந்தால் இருக்கட்டும், நம் வீடு அது. அறை முழுக்க வசனப் பலகைகளை மாட்டி, மேஜையில் துண்டுப்பிரதிகளை அடுக்கி வைப்பது வேறு. படுத்த படுக்கையில் இருப்பவர் எழுந்து வெளியே போக முடியாதவர். அவரிடம் அப்படிப் பேசக் கூடாது.

விருந்தைவிட ஓர் அடுப்பு

லாட்ஜ்களில் தங்குகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே சமைக்கிறார்கள். காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் கடுகு எண்ணெயும் ரோகு மீனும் பொரியும் கிடைப்பது அதனால்தான். நம் வீட்டுக்கு வரும் தாய்க்கும் முதலில் வேண்டியது நம் பிரியாணி இல்லை. தன் பிள்ளைக்குத் தன் கையால் குழைந்த சோறு வடிக்க ஒரு மணிநேர அடுப்பு. விடிகாலை ஐந்தரை முதல் ஆறரை வரை அடுப்பு அவர்களுடையது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் நாம் சமையலறைக்குள் நுழையாமல் இருப்பதும் உபசரிப்பில் சேர்த்தி.

அறையிலேயே தனி அடுப்பு வைக்க நினைப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மின் அடுப்பு 2000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருக்கும் சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் அது சூடேறி உருகும். 16 ஆம்பியர் பாயின்ட்டுக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும். 5 கிலோ கேஸ் சிலிண்டர் என்றால் ஜன்னல் உள்ள இடத்தில் மட்டும்; ஜன்னல் மூடிய படுக்கையறையில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

நாம் சமைத்துக் கொடுக்கும் நாட்களில், வங்காளக் குடும்பத்துக்குப் புளியும் தேங்காயும் கறிவேப்பிலையும் மூன்றாம் நாளிலேயே திகட்டிவிடும். சாம்பார் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நான்கு பேருக்கு ஒரு வேளைக்கு இது சரியாக வரும்:

புழுங்கல் அரிசி 500 கிராம் (சாப்பாட்டுப் புழுங்கல், இட்லி அரிசி வேண்டாம்), உதிரியாக வடித்தது. மைசூர் பருப்பு 150 கிராம், முக்கால் லிட்டர் தண்ணீர், அரை டீஸ்பூன் மஞ்சள் போட்டுக் குழைய வேகவைத்து, ஒரு மேஜைக்கரண்டி கடுகு எண்ணெயில் சீரகமும் இரண்டு காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டியது. உருளைக்கிழங்கு 400 கிராம் வேகவைத்து, வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், உப்பு, ஒரு டீஸ்பூன் பச்சைக் கடுகு எண்ணெய் சேர்த்துப் பிசைந்தது. ரோகு அல்லது கட்லா அரைக்கிலோ: மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்து, இஞ்சி–சீரக விழுதோடு தண்ணீராக ஒரு குழம்பு.

தாளிக்கவும் பொரிக்கவும் கடுகு எண்ணெயை லேசாகப் புகை வரும்வரை காயவைத்து, தீயைக் குறைத்த பிறகுதான் மற்றதைப் போட வேண்டும். காயாத எண்ணெயில் சமைத்தால் நெடி மூக்கில் ஏறும், குழம்பும் கசக்கும். மசியலில் மட்டும் அந்த நெடிதான் அவர்களுக்கு ருசி.

வயதான வங்காள இந்து விதவை ஒருவர் கூட வந்திருந்தால் தனியாகக் கேளுங்கள். பழைய வழக்கத்தில் இருப்பவர்கள் மீன், வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, மைசூர் பருப்பும் தொட மாட்டார்கள், பாசிப்பருப்பு செய்யலாம். மிசோரத்தவருக்கு மசாலாவே சுமை. கீரையும் காயும் எண்ணெய் இல்லாமல் வேகவைத்து, உப்பும் மிளகாயும் பக்கத்தில் வைத்தால் நிறைவாகச் சாப்பிடுவார்கள். இஸ்லாமியக் குடும்பத்துக்கு மீன், முட்டை, காய்கறி போதும். இறைச்சி வேண்டுமென்றால் ஹலால் கடையில் அவர்களையே வாங்கச் சொல்லுங்கள். பன்றி இறைச்சி சமைக்கிற வீடாக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அவர்களுக்குப் புதுப் பாத்திரம் இரண்டு கொடுத்துவிடுவது நேர்மை.

அன்பே ஆபத்தாகும் இடங்கள்

1971-இல் இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்த மருத்துவமனை சி.எம்.சி. சிறுநீரக நோயாளிகள் இங்கே நிறையப் பேர். டயாலிசிஸ் செய்துகொள்பவர் சோர்ந்து வந்து உட்கார்ந்தால் நம் கை தானாக இளநீரை வெட்டும். அதைத்தான் செய்யக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் ஏறிவிட்டால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுபோகலாம். வாழைப்பழம், சாத்துக்குடி, ஆரஞ்சு, பேரீச்சை, தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு எல்லாம் இந்த வரிசையில்தான் வரும். உருளைக்கிழங்கு வங்காளத்தாருக்கு விட முடியாத உணவு என்பதால், உணவியல் நிபுணர் அனுமதித்த அளவில், தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்து, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்து வடித்துக் கொடுக்கலாம். முழுக் கிழங்கைத் தோலோடு குக்கரில் வேகவைத்தால் பொட்டாசியம் உள்ளேயே நின்றுவிடும். மேலே சொன்ன மசியலும் பருப்பும் இவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று கடையில் "குறைந்த சோடியம்" உப்பு வாங்கி வைப்பது நல்லெண்ணத்தில் நடக்கிற பெருந்தவறு. பல பிராண்டுகளில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் சேர்த்திருக்கிறார்கள். சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மேஜைக்கு வரவே வேண்டாம்.

தண்ணீரும் அப்படித்தான். டயாலிசிஸில் இருக்கும் சிலருக்கு நாள் முழுவதற்கும் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே அனுமதி. காபி, ரசம், கஞ்சி, மோர், ஐஸ் கட்டி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். "ஒரு கலசம் தண்ணீர்" கொடுத்தவன் பலனை இழந்துபோகமாட்டான் என்று மத்தேயு 10:42 சொல்கிறது. அந்தக் கலசத்தை இங்கே அளந்து கொடுக்க வேண்டும். ஓர் அளவுக் குப்பியைக் காலையில் நிரப்பி அவர் கையில் கொடுத்துவிட்டால், வீட்டில் ஆளாளுக்குத் தம்ளர் நீட்டுவது நிற்கும். அவர் எதிரே உட்கார்ந்து நாம் சொம்பு சொம்பாகக் குடிக்காமல் இருப்பதும் இரக்கம்.

கீமோ எடுத்துக்கொள்பவர், எலும்பு மஜ்ஜை மாற்று அல்லது உறுப்பு மாற்று செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால் எல்லாம் புதிதாகச் சமைத்ததாக இருக்கட்டும். பச்சைக் காய்கறி சாலட், வெட்டிவைத்த பழம், தள்ளுவண்டிச் சட்னி, நேற்றைய குழம்பு கூடாது. வேலூர் மே மாதத்தில் 40 பாகைக்கு மேல் போகும் ஊர். அந்த வெப்பத்தில் சமைத்த சோற்றை இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளியே வைப்பது நலமாக இருப்பவருக்கே ஆகாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவையுங்கள். வரவேற்பதற்காக மல்லிகைச் சரமோ பூங்கொத்தோ வைக்காதீர்கள். பூவிலும் பூ ஜாடித் தண்ணீரிலும் கிருமி இருக்கும். அறையை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், அவர் இருக்கும்போது துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். நம் பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல், அம்மை என்றால் அன்றே சொல்லி, வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவது மேல். மாற்று உறுப்புக்கான மருந்து சாப்பிடுபவர்களுக்குப் பம்பளிமாஸ் கொடுக்காதீர்கள். இரத்தத்தில் மருந்தின் அளவை அது மாற்றிவிடும்.

கீமோ நோயாளிக்குக் காய்ச்சல் 100.4 பாகை ஃபாரன்ஹீட் தொட்டால், நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எதிர்ப்புச் சக்தி இல்லாத உடலில் தொற்று சில மணிநேரத்தில் பரவிவிடும். மாத்திரை காய்ச்சலை மட்டும் மறைக்கும்.

இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்களுக்குக் கீரை விலக்கில்லை. ஆனால் அளவு மாறக் கூடாது. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால் மருந்தின் வேலை ஏறி இறங்கும்.

எந்தக் கட்டுப்பாட்டையும் நாமாகத் தீர்மானிக்க வேண்டாம். உணவியல் துறை கொடுத்த தாளைப் படம் எடுத்துச் சமையலறையில் ஒட்டிவைத்துக்கொண்டால் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே விதி.

ஜெபம்

ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். பெரும்பாலானோர், எந்த மார்க்கத்தார் ஆனாலும், சம்மதிப்பார்கள். ஆனால் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது. புறப்படும்போது, வாசலில், நின்றபடி கேட்டால் இல்லை என்று சொல்லவும் இடம் இருக்கும். இரண்டு நிமிடம், அவர்கள் பெயரைச் சொல்லி, மருத்துவருக்காகவும் சேர்த்து. "கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார், மருந்து வேண்டாம்" என்று யாராவது ஜெபக்குழுவிலிருந்து வந்து சொல்ல நம் வீட்டில் அனுமதிக்கவே கூடாது. அந்த வார்த்தையை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால், அதன் விலையை நோயாளிதான் கொடுப்பார். வந்தவர்கள் தொழுகைக்கு இடம் கேட்டால் சுத்தமான ஒரு மூலையைக் காட்டுங்கள். ஆபிரகாம் மம்ரேயின் சமபூமியில் மூன்று பேரைக் கண்டபோது கால் கழுவத் தண்ணீரும் நிழலும் அப்பமும் கொடுத்தான். நீங்கள் யார், எந்தத் தெய்வத்தை வணங்குகிறீர்கள் என்று கேட்டதாக ஆதியாகமம் 18-இல் இல்லை.

எத்தனை நாள்

ஆதித் திருச்சபையின் கையேடான திதகே இந்தக் கேள்வியை வெட்கப்படாமல் பேசுகிறது. வழிப்போக்கராக வருகிறவருக்கு முடிந்த உதவியெல்லாம் செய்யுங்கள். ஆனால் அவர் இரண்டு நாள், தேவையானால் மூன்று நாள், அதற்கு மேல் தங்க வேண்டாம் என்கிறது. ஊர் ஊராகப் போகும் அப்போஸ்தலர் என்று வந்து பணம் கேட்டால் அவரைக் கள்ளத் தீர்க்கதரிசி என்றே சொல்லிவிடுகிறது. ஆதிச் சபைகளே எல்லை வகுத்துத்தான் வாசலைத் திறந்துவைத்தன.

சி.எம்.சி. சிகிச்சை மூன்று நாளில் முடிவதில்லை. முதல் நாள் மருத்துவர் பார்ப்பார், பிறகு பரிசோதனைகள், பிறகு முடிவு வரக் காத்திருப்பு, பிறகு ரிவ்யூ என்கிற மறு ஆலோசனை, வாரம் மாதமாகும். ஆகவே முதலிலேயே இப்படிச் சொல்வது நல்லது: "மூன்று இரவு இங்கே தங்குங்கள். அதற்குள் எவ்வளவு நாள் ஆகும் என்று தெரிந்துவிடும். நாள் நீண்டால் பக்கத்தில் மாத வாடகைக்கு அறை பார்த்துத் தருகிறோம், சாப்பாடு தொடரும்." இதைச் சொல்லாமல் விட்டால் இரண்டாவது வாரத்தில் வீட்டுக்குள் முகம் சுளிப்பு தொடங்கும். "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்று பேதுரு எழுதினது (1 பேதுரு 4:9) முறுமுறுப்பு வரும் என்று தெரிந்துதான்.

சாப்பாட்டுக்கு நான்கு வீடுகள் சேர்ந்தால் ஒருவரும் களைக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு வாரத்தில் நான்கு இரவு, வீட்டுக்கு ஓர் இரவு. மாலை நான்கு மணிக்கு ஒரு போன்: ஓ.பி. (புறநோயாளிப் பிரிவு) முடிந்ததா, எத்தனை பேர்? ஏழு மணிக்குள் கேரியர் போய்விட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்றடுக்குக் கேரியர் இரண்டு இருக்கட்டும், பெயிண்டில் பெயர் எழுதி. ஒன்று போகும்போது மற்றது திரும்பும். இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் பாத்திரம் திரும்பாத எரிச்சலில்தான் நிற்கின்றன. வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு மருத்துவமனை உணவுதான். நம் கேரியர் வெளியே காத்திருக்கும் உறவினருக்கு.

பணம், சட்டம், பாதுகாப்பு

தங்குபவரிடம் பணம் வாங்கக் கூடாது. வாங்கினால் அது லாட்ஜ். கடன் கொடுக்கவும் கூடாது. உதவியாகக் கொடுக்க முடிந்ததைச் சபை வழியாகக் கொடுங்கள். அவர்களுடைய சிகிச்சைப் பணத்தை நம் பீரோவில் வைத்துக்கொள்ளக் கேட்டால் மறுத்து, வங்கிக் கணக்கில் போட உதவுங்கள். ஸ்டேஷன் வாசலிலும் லாட்ஜ்களிலும் "நான் சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன்" என்று கமிஷன் கேட்பவர்கள் உண்டு. மருத்துவமனையின் கவுன்ட்டரும் இணையதளமும் தவிர வேறு எங்கும் பணம் கட்ட வேண்டாம் என்று முதல் நாளே எச்சரியுங்கள்.

ஆனால் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு நாள் நான் சமைக்கிறேன் என்று அந்தத் தாய் சொன்னால் சரி என்று உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். எம்மாவுவில் விருந்தாளியாகப் போனவர்தான் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பவருக்குக் கொடுக்க ஒரு வாய்ப்பு, மருந்துக்கு இணையாக வேலை செய்கிறது.

இந்தியர் என்றால் ஆதார் நகல் வாங்கிவையுங்கள். சங்கடப்பட வேண்டாம், லாட்ஜில் கொடுத்துப் பழகியவர்கள்தான். வங்கதேசத்தவர் போன்ற வெளிநாட்டவர் என்றால் தனி வீடானாலும் அவர் வந்த 24 மணிநேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு சி படிவம் எனப்பட்டது) இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட், விசா விவரங்கள் தேவை. செய்யாவிட்டால் சட்டச் சிக்கல் நமக்கும் அவருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி எல்லாருக்கும் பொது.

ஆண் தனியாக இருக்கும் வீட்டில் பெண்ணைத் தனியே தங்கவைக்க வேண்டாம். நம் பிள்ளைகளை விருந்தாளியிடம் தனியே விட வேண்டாம், எவ்வளவு நல்லவரானாலும். ஆயரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் யார் வந்திருக்கிறார் என்று சொல்லிவையுங்கள். மனைவிக்கு மனமில்லாமல் கணவர் சபையில் கை தூக்கிவிட்டு வந்த ஏற்பாடு ஒரு மாதம்கூடத் தாங்காது. பற்பல வேலைகளால் வருத்தமடைந்த மார்த்தாளை நாம் குறை சொல்கிறோம். அந்த வீட்டில் அடுப்படிக்கு இன்னொரு கை இருந்திருந்தால் அவளும் உட்கார்ந்திருப்பாள். வீட்டு ஆண்கள் பாத்திரம் கழுவட்டும், கழிப்பறை தேய்க்கட்டும், காட்பாடிக்குப் போய் அழைத்து வரட்டும்.

மரணம் நேர்ந்தால்

சிலர் திரும்பிப் போவதில்லை. அந்த இரவில் குடும்பத்துக்கு வேண்டியவை: சூடான தேநீர், கைப்பேசி சார்ஜர், மொழி தெரிந்த ஒருவர், அழ ஓர் அறை. உடலை விமானத்தில் கொண்டுபோக இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, காவல்துறையின் தடையின்மைச் சான்று, முறையான பெட்டி ஆகியவை கேட்பார்கள். மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவு வழி காட்டும். கூட ஒருவர் நடந்தால் போதும், நம்மில் ஒருவர் எல்லாவற்றையும் கையில் எடுக்க வேண்டாம். இங்கேயே அடக்கம் செய்ய விரும்பும் இஸ்லாமியக் குடும்பத்தை அருகிலுள்ள பள்ளிவாசல் ஜமாத்தோடு இணைத்துவிடுங்கள். அவர்கள் சடங்கு அவர்கள் முறைப்படி நடக்க வேண்டும்.

புறப்படும் நாள்

ஹௌரா போக ஒரு நாளுக்கு மேல், அசாம் போக இரண்டு நாளுக்கு மேல் ஆகும். வழிக்குக் கட்டித்தரும் சாப்பாட்டில் தேங்காயும் தயிரும் வேண்டாம். முதல் வேளைக்குச் சப்பாத்தியும் எண்ணெயில் வதக்கிய உலர்ந்த காய்கறியும். அதற்குப் பிறகுக்குப் பொரி, வறுத்த கடலை, பிஸ்கட் (நோயாளியின் உணவுத் தாளைப் பார்த்துவிட்டு). மருந்துகள் பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்புங்கள்.

விரிப்பு, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவேண்டும். அறை ஓரிரு நாள் காற்றாடட்டும். அடுத்தவர் உடனே வர வேண்டுமென்று கேட்டாலும் இந்த இடைவெளியைக் கைவிடாதீர்கள், வீட்டாருக்கும் அது தேவை. பெரும்பாலானோர் மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ மறு ரிவ்யூவுக்கு வருவார்கள். தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பு போன் செய்யுங்கள். பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் கல்யாணம் என்று அறை கொடுக்க முடியாவிட்டால் அப்போதே சொல்லிவிட்டு, வேறு ஒரு சபைக் குடும்பத்தின் எண்ணைக் கொடுங்கள். டிக்கெட் எடுத்து, காட்பாடியில் இறங்கின பிறகு அதைத் தெரிந்துகொள்ளும்படி யாரையும் விடக் கூடாது.